மூளையில் கவாத்து வெட்டுவது யார்?

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கும் பாஸ்டர் நிலையத்தை ஏதோ வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு ஏற்பாடு மூளைக்கு நல்லது செய்யுமா, கெட்டது செய்யுமா என்று பேச வேண்டுமென்றால் நான் அந்தக் கட்டடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தர 1907-ல் திறந்தது. அதற்கு முன் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்கள் சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கசௌலி வரை ரயிலில் போக வேண்டும், போய்ச் சேரவே நாட்கள் ஆகும். அந்தக் கசௌலியில் 1911-ல் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் ஒரு தடுப்பூசி முறையைக் கொண்டுவந்தார். வெறிநோய்க் கிருமியை மிருகத்தின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் சாகடித்து, அதையே ஊசியாகப் போடுவது. குன்னூரிலும் பல பத்தாண்டுகள் ஆட்டு மூளையிலிருந்துதான் தடுப்பூசி தயாரானது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அது இதுதான்.

எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய ஊசி, அதில் சந்தேகமில்லை. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இரண்டு வாரம் போல ஆனதும் கால் விழுந்துவிட்டது, சிறுநீர் வரவில்லை, சிலருக்கு நினைவே தப்பியது. வெறிநோயா என்றால் இல்லை. ஊசியில் இருந்த ஆட்டு மூளைதான் காரணம். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை உண்டு, ஆட்டுக்கும் நமக்கும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. உடம்பு ஆட்டு மயலினை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கப் பழகி, அந்தப் பழக்கத்திலேயே தன் மூளையின் மயலினையும் தாக்கிவிட்டது. சில நூறு பேரில் ஒருவருக்கு என்றும், சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்றும் இடத்துக்கு இடம் கணக்கு மாறியது. 1930-களில் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்கு நோயில்லாத முயல் மூளையை மட்டும் திரும்பத் திரும்ப ஊசி போட்டு இதே மாதிரி மூளை அழற்சியை வரவழைத்தார், கிருமி எதுவும் இல்லாமலே. 1987-ல் தாய்லாந்து மருத்துவர்கள் இந்த ஊசியால் பாதிக்கப்பட்டவர்களிடம் மயலினில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பே தயாரித்த ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். இந்தியாவில் 2004 கடைசியில் மூளைத் திசு ஊசி நின்றது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாராவது, கையில் போடுவது, மூளைத் திசு துளியும் கிடையாது. ஆகவே நாய் கடித்தால் இதைப் படித்துவிட்டுத் தயங்கிக்கொண்டு நிற்காதீர்கள், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இந்தக் கதையை எதற்காகச் சொல்கிறேன் என்றால், நோய் எதிர்ப்பு சக்தி என்பது கூடக் கூட நல்லது, குறையக் குறையக் கெட்டது என்ற எண்ணம் நம் ஊரில் அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் தேன், தைலம், தேயிலை, பூண்டு என்று எதை எடுத்தாலும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று ஒரு ஸ்டிக்கர். கோத்தகிரியில் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார்: "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாகிட்டே போகுது தம்பி, எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது கொடுத்தா மூளைக்கும் நல்லதுதானே?" நியாயமான கேள்விதான். ஆனால் மூளையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே சரியான இடத்தில் நிற்கவில்லை. ஏன் என்று காட்ட ஒரே ஒரு புரதக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

அந்தக் குடும்பத்துக்குப் பெயர் காம்ப்ளிமென்ட். 1890-களில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஜூல் போர்டே என்ற பெல்ஜியக்காரர் ஒன்றைக் கவனித்தார். நோய்க்கு எதிராகப் பழக்கப்படுத்திய மிருகத்தின் ரத்தத் தெளிவு (சீரம்) காலராக் கிருமியைக் கரைத்துக் கொல்கிறது. அதையே 55, 56 டிகிரிக்குச் சூடாக்கினால் கொல்லும் திறமை போய்விடுகிறது. அப்புறம், எந்தப் பழக்கமும் இல்லாத சாதாரண மிருகத்தின் தெளிவைக் கொஞ்சம் சேர்த்தால் திறமை திரும்பி வருகிறது. அப்படியானால் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று சூட்டைத் தாங்கும், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணும். அது ஆன்டிபாடி. இன்னொன்று சூட்டில் அழியும், எல்லோர் ரத்தத்திலும் எப்போதும் இருக்கும், கொல்லும் வேலையை முடித்து வைக்கும். அதுதான் காம்ப்ளிமென்ட். போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று தெரிந்தவரை இதில் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் கல்லீரல்தான் தயாரிக்கிறது. இவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஒன்று உசுப்பினால் அடுத்தது வெட்டுப்பட்டு விழித்துக்கொள்ளும், அது அதற்கடுத்ததை வெட்டும். முதலில் நிற்பது சி1கியூ, ஆறு தலை கொண்ட பெரிய புரதம். அது ஆன்டிபாடி ஒட்டிய கிருமியையோ, செத்துப்போன செல்லையோ பிடித்துக்கொண்டால் அடுத்து சி4, சி2, அப்புறம் சி3. இந்த சி3 துண்டாகி அதில் ஒரு துண்டு இலக்கின் மேல் ஒட்டிக்கொள்ளும், இதைத் தின்னலாம் என்று குறி போட்டது போல. விழுங்கும் செல்கள் அந்தக் குறியைப் பிடித்து இலக்கை விழுங்கிவிடும். சங்கிலி அதோடு நிற்காமல் சி5-லிருந்து சி9 வரை ஓடினால் கடைசியில் செல்லின் சவ்விலேயே ஓட்டை விழுந்துவிடும். ஆக, இரண்டு வேலை: குறி போட்டு விழுங்க வைப்பது, ஓட்டை போட்டுக் கொல்வது. இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால் ரத்தத்தில் ஓடும் இந்தப் பெரிய புரதங்கள் சாதாரணமாக உள்ளே நுழைவதில்லை. அதனால் மூளைக்கு இதில் பெரிய சம்பந்தம் இல்லை என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மூளையில் சி1கியூவைத் தயாரிப்பது பெரும்பாலும் மைக்ரோக்ளியா என்ற செல்கள். 1919-ல் மாட்ரிடில் பியோ தெல் ரியோ ஓர்தேகா வெள்ளிச் சாயம் போட்டு இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். கரு உருவான சில வாரங்களில் மூளைக்குள் குடியேறி, அங்கேயே தங்கி, குப்பை கூளத்தை விழுங்கிக்கொண்டு வாழ்கிறவை. சி3-ஐ மைக்ரோக்ளியாவும், நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட் செல்களும் தயாரிக்கின்றன. கிருமி இல்லாத, அடிபடாத, நல்ல மூளைக்குள் இவையெல்லாம் எதற்கு? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஒரு நரம்பு செல் இன்னொரு நரம்பு செல்லோடு பேசும் இடம் சினாப்ஸ். குழந்தை பிறந்து ஒன்றிரண்டு வயதுக்குள் நெற்றிப் பக்க மூளையில் சினாப்ஸ்களின் அடர்த்தி பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாகிவிடுகிறது, இதை 1979-லேயே பீட்டர் ஹுட்டன்லோக்கர் எண்ணிச் சொல்லிவிட்டார். அப்புறம் பருவ வயது முடியும்வரை மெல்ல மெல்லக் குறைக்கப்படுகிறது. நம் மலையில் இதைப் புரியவைக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை, கவாத்து என்றால் போதும். தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்துக் கத்தியால் வெட்டி இறக்காவிட்டால் செடி உயர்ந்துகொண்டே போகும், கொழுந்து குறையும், கையெட்டாது. வெட்டினால்தான் தழைக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன் விவரம் தெரிந்த தோட்டங்களில் செடியின் வேரை எடுத்து அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். வேரில் மாவுச்சத்து சேர்ந்திருந்தால் நிறம் கறுக்கும், கவாத்து வெட்டலாம். சேராத செடியை வெட்டினால், அல்லது வறட்சியில் வெட்டினால், செடி திரும்பத் தழைக்காமல் அப்படியே காய்ந்துவிடும். கத்தி அதே கத்திதான். காலமும் செடியின் நிலையும்தான் வேறு.

மூளையில் கவாத்து வெட்டுவதில் காம்ப்ளிமென்டுக்குப் பங்கு உண்டு என்று 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸின் ஆய்வகத்தில் பெத் ஸ்டீவன்ஸ் முதலில் காட்டினார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் எலிக்குட்டியில் முதலில் கண்டபடி இணைந்திருக்கும், பிறகு வேண்டாதவை விலக்கப்படும். சி1கியூ அல்லது சி3 இல்லாத எலிகளில் இந்த விலக்கல் சரியாக நடக்கவில்லை, அதிகப்படி இணைப்புகள் அப்படியே தங்கிவிட்டன. 2012-ல் டோரதி ஷேஃபரும் ஸ்டீவன்ஸும் மைக்ரோக்ளியா உண்மையிலேயே சினாப்ஸ்களை விழுங்குவதையும், சி3-ஐப் பிடிக்கும் ஏற்பி மூலமாகத்தான் விழுங்குகிறது என்பதையும் காட்டினார்கள். கிருமியைக் கொல்லக் கண்டுபிடிக்கப்பட்ட புரதம், ஒரு நூற்றாண்டு கழித்து, மூளையைச் செதுக்குகிற வேலையில் பிடிபட்டது. அதே சமயம் விழுங்காதே என்று சொல்லும் புரதங்களும் சினாப்ஸில் இருக்கின்றன, சிடி47 அதில் ஒன்று. எதை வெட்டுவது, எதை விடுவது என்பது இந்த இரண்டு பக்கத்துக் கணக்கு. எல்லா இடத்திலும் இதே கதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலியின் மீசை உணர்வைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் சினாப்ஸ் விலக்க காம்ப்ளிமென்ட் தேவைப்படவில்லை, அங்கே வேறு சமிக்ஞை வேலை செய்கிறது.

சரி, நோய்க்கு வருவோம். முதலில் மனச்சிதைவு, ஸ்கிசோஃப்ரீனியா. நூற்றில் ஒருவர் என்ற அளவில் வருவது, பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயதுக்கு மேல் இருபதுகளில் தலைகாட்டுவது. இன்னமும் நம் ஊர்களில் பேய், செய்வினை என்று அலையவிடும் நோய், அதனாலேயே சிகிச்சை தள்ளிப்போகும் நோய். இது ஏன் அந்த வயதில் வருகிறது என்ற கேள்விக்கு 1982-ல் இர்வின் ஃபைன்பெர்க் ஒரு யூகம் சொன்னார்: பருவ வயதில் நடக்கும் சினாப்ஸ் கவாத்து எங்கோ பிசகிப்போகிறது என்று. யூகமாகவே முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

இன்னொரு பக்கம், மரபணு ஆராய்ச்சிகளில் மனச்சிதைவோடு அதிகமாகத் தொடர்பு காட்டிய இடம் ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் கும்பலாக இருக்கும் பகுதி. மனநோய்க்கும் எதிர்ப்பு மரபணுவுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். 2016-ல் ஸ்டீவ் மெக்கரோலின் குழு, அஸ்வின் சேகர் முதல் ஆசிரியராக, 22 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 29 ஆயிரம் நோயாளிகளையும் 36 ஆயிரம் மற்றவர்களையும் வைத்து அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தது. கிடைத்தது சி4. இந்த மரபணு ஒவ்வொருவரிடமும் எண்ணிக்கையிலும் நீளத்திலும் மாறும், சி4ஏ, சி4பி என்று இரண்டு வகை வேறு. யாருடைய அமைப்பு மூளையில் சி4ஏ-வை அதிகம் தயாரிக்க வைக்கிறதோ அவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து கூடுதல். சி4 இல்லாத எலிக்குட்டிகளில் சினாப்ஸ் கவாத்தும் குறைந்தது. ஃபைன்பெர்கின் யூகத்துக்குக் கையில் கத்தியோடு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இந்தச் செய்தி வந்தபோது மனச்சிதைவின் மரபணு கண்டுபிடிப்பு என்ற ரீதியில் தலைப்புகள் ஓடின. ஆபத்து மிகுந்த சி4 அமைப்பு இருந்தாலும் ஆபத்து கூடுவது கால் பங்கு அளவில்தான், அதாவது நூற்றில் ஒருவர் என்பது நூற்றில் ஒன்றேகால் ஆகிறது, அவ்வளவுதான். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்த ஆய்வில் இருந்தவர்களும் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆகவே சி4 பரிசோதனை செய்து கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்ற ரீதியில் யாராவது கிளம்பினால் தயவுசெய்து உட்காரவையுங்கள். இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு ஆளைக் கணிப்பதில் இல்லை, நோய் எந்த வழியில் வரலாம் என்று காட்டியதில் இருக்கிறது.

அதைவிட என்னை உட்காரவைத்து யோசிக்க வைத்தது 2020-ல் அதே குழு வெளியிட்ட அடுத்த முடிவு. மனச்சிதைவு ஆபத்தைக் கூட்டும் அதே சி4 அமைப்பு, லூபஸ், ஷேகிரன் என்ற இரண்டு நோய்களிலிருந்து பலமாகக் காப்பாற்றுகிறது. லூபஸில் எதிர்ப்பு ஏற்பாடு சொந்த உடம்பையே தாக்கும், மூட்டு, தோல், சிறுநீரகம் எதையும் விடாது, பெண்களுக்குத்தான் மிக அதிகம். ஷேகிரனில் கண்ணும் வாயும் வறண்டுபோகும். சி4 அமைப்பைப் பொறுத்து லூபஸ் ஆபத்து ஏழு மடங்கும் ஷேகிரன் ஆபத்து பதினாறு மடங்கும் மாறுபட்டது. காரணம் என்னவென்றால், செத்துப்போன செல்களை உடனுக்குடன் அப்புறப்படுத்துவதும் காம்ப்ளிமென்டின் வேலை. அந்தக் குப்பை தேங்கினால் எதிர்ப்பு செல்கள் அதைப் பார்த்துச் சொந்த உடம்புக்கு எதிராகவே பழகிவிடும். பிறவியிலேயே சி1கியூ அறவே இல்லாதவர்கள் அபூர்வம், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் லூபஸ் வந்துவிடுகிறது. ஆக, ஒரே மரபணு, ஒரே மனிதர், உடம்பில் அவரைக் காப்பாற்றுகிறது, மூளையில் கொஞ்சம் ஆபத்தைக் கூட்டுகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை விற்கிறவரிடம் இதில் எந்தப் பக்கத்தைக் கூட்டுவீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அடுத்தது அல்சைமர், அந்த அக்கா கேட்ட மறதி. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, ஏதாவது ஒரு வகை முதுமறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொன்னது. அதில் முக்கியமான வகை அல்சைமர். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் பார்த்த அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சுற்றியே ஆராய்ச்சி நீண்ட காலம் சுழன்றது. அந்தப் படிவுகளில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் ஒட்டியிருப்பது 1980-களிலேயே தெரியும். குப்பை இருக்கிறது, குப்பை அள்ளுகிறவர் பக்கத்தில் நிற்கிறார், இதில் என்ன அதிசயம் என்று பலர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2009-ல் பெரிய மரபணு ஆய்வுகளில் அல்சைமர் ஆபத்தோடு தொடர்புள்ளவை என்று வெளிவந்த பெயர்களில் காம்ப்ளிமென்டைப் பிடிக்கும் சிஆர்1 என்ற ஏற்பியும் இருந்தது. அப்போதுதான் பார்வை திரும்பியது.

1991-லேயே ராபர்ட் டெரி ஒன்றைச் சொல்லியிருந்தார்: நோயாளியின் மறதி எவ்வளவு மோசம் என்பதோடு நன்றாக ஒத்துப்போவது படிவுகளின் எண்ணிக்கை இல்லை, சினாப்ஸ்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதுதான். என் கணக்கில் அல்சைமர் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் மிக முக்கியமானது இது, ஆனால் படிவைக் கரைப்பது பற்றிய செய்திகளுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை. 2016-ல் ஸ்டீவன்ஸ் குழுவின் சோயோன் ஹாங், அல்சைமர் போன்ற நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளில் (அல்சைமர் மாதிரி எலிகள்) பார்த்தபோது, படிவு தோன்றுவதற்கு முன்பே சினாப்ஸ்களில் சி1கியூ கூடியிருந்தது, மைக்ரோக்ளியா அவற்றை விழுங்கத் தொடங்கியிருந்தது. சி1கியூவைத் தடுத்தால் சினாப்ஸ்கள் தப்பின. அதாவது, குழந்தைப் பருவத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டிய கவாத்து வயதான காலத்தில், வேரில் சத்தில்லாத செடியில், மறுபடி ஆரம்பிக்கிறது. இதற்கான ஏற்பாடு நோய் இல்லாதவர்களிடமும் சேர்ந்துகொண்டே வருகிறது. எலிகளிலும் மனிதர்களிலும் வயதாக ஆக மூளையில் சி1கியூ 300 மடங்கு வரை கூடுவதாக 2013-ல் பாரஸ் குழு அளந்து சொன்னது. அது அதிகம் சேரும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ், புது நினைவுகள் பதியும் இடம்.

அப்படியானால் காம்ப்ளிமென்டை நிறுத்திவிட்டால் போதுமே? 2017-ல் ஒரு ஆய்வு, சி3 இல்லாத அல்சைமர் மாதிரி எலிகளை 16 மாதம் வரை, அதாவது எலிக்கு நல்ல முதுமை வரும்வரை, வளர்த்துப் பார்த்தது. சினாப்ஸ்கள் தப்பின, நினைவுச் சோதனைகளில் அவை நன்றாகச் செய்தன. ஆனால் அமிலாய்டு படிவுகள் குறையவில்லை, கூடியிருந்தன. அள்ளுகிறவர் இல்லாததால் குப்பை கூடியது, வெட்டுகிறவர் இல்லாததால் இணைப்பு தப்பியது. அதற்கு முன் 2002-ல் வேறொரு குழு வேறு முறையில் காம்ப்ளிமென்டைத் தடுத்தபோது அமிலாய்டும் கூடியது, நரம்பு செல்களும் அதிகம் கெட்டன. இரண்டும் எலியில்தான், இரண்டும் நம்பத்தகுந்த கைகளிலிருந்து வந்தவை. எந்தக் கண்ணியில் தடுக்கிறோம், எந்த வயதில் தடுக்கிறோம் என்பதற்கு ஏற்ப விடையே தலைகீழாகிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அழற்சியை மொத்தமாக அடக்கினால் அல்சைமர் வராது என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. மூட்டுவலிக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவு என்று கணக்கெடுப்புகள் காட்டின. சரி என்று நேப்ராக்சென், செலிகாக்சிப் இரண்டையும் முதியவர்களுக்குக் கொடுத்து அமெரிக்காவில் பெரிய சோதனையே நடத்தினார்கள். பலன் இல்லை, இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்ற பயத்தில் 2004-ல் மருந்தை நிறுத்தியும்விட்டார்கள். மனச்சிதைவிலும் இதே அனுபவம். மினோசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக் மைக்ரோக்ளியா சினாப்ஸை விழுங்குவதைக் குறைக்கிறது என்று ஆய்வகத் தட்டில் தெரிந்தது, ஆனால் பிரிட்டனில் நோயின் ஆரம்பத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 2018-ல் வந்த முடிவு ஏமாற்றம்தான். கவாத்து முடிந்துபோன செடியின் பக்கத்தில் நின்று கத்தியைப் பிடுங்கி என்ன பயன் என்று எனக்குத் தோன்றுகிறது, இது என் கருத்து மட்டும்.

எல்லாம் ஏமாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நோயில் காம்ப்ளிமென்டைத் தடுப்பது மிகப்பெரிய வெற்றி. நியூரோமயலிடிஸ் ஆப்டிகா என்று வாயில் நுழையாத பெயர், சுருக்கமாக என்எம்ஓ. திடீரென்று கண் பார்வை மங்கும், அல்லது தண்டுவடம் வீங்கி இடுப்புக்குக் கீழே செயலிழக்கும், ஆறும், மறுபடி தாக்கும், ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். நீண்ட காலம் இதை, மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். 2004-ல் வாண்டா லெனன் தலைமையிலான மேயோ கிளினிக் குழு இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு தனி ஆன்டிபாடியைக் கண்டது. அது ஆஸ்ட்ரோசைட் செல்லின் மேல் இருக்கும் தண்ணீர் வாய்க்கால் புரதமான அக்வாபோரின் 4-ஐப் பிடிக்கிறது. பிடித்தபின் நடப்பது போர்டே காலத்துக் கதை அப்படியே: ஆன்டிபாடி ஆளைக் காட்டுகிறது, காம்ப்ளிமென்ட் வந்து ஓட்டை போட்டுக் கொல்கிறது. இங்கே குறி போட்டு விழுங்குவதைவிடக் கடைசிக் கண்ணிதான் முக்கிய வில்லன், ஆகவே சி5-ஐத் தடுத்தால் போதும். எக்குலிசுமாப் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. 143 பேரை வைத்து நடந்த சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் மறுதாக்குதல் வந்தது, எடுக்காதவர்களில் 43 சதவீதம் பேருக்கு. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நரம்பியலில் இப்படிப்பட்ட வித்தியாசத்தைப் பார்ப்பது அபூர்வம்.

அதற்கு விலையும் உண்டு, இரண்டு அர்த்தத்திலும். உலகின் மிக விலை உயர்ந்த மருந்துகளில் ஒன்று அது, நம் சாதாரணக் குடும்பங்களுக்குக் கனவு. பெரும்பாலும் ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் போன்ற எதிர்ப்பை அடக்கும் மருந்துகளோடுதான் இங்கே சமாளிக்கிறோம். இன்னொரு விலை, சி5 இல்லாமல் மெனிங்கோகாக்கஸ் என்ற மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொல்ல உடம்பால் முடியாது. அந்த மருந்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கிருமி தாக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஆயிரம் மடங்குக்கு மேல், முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். மூளையைக் காப்பாற்றப் போட்ட தடுப்பு, மூளைக்கே இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறது.

அல்சைமருக்கு இதே மருந்தைக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். அங்கே பிரச்சினை சி5-க்கு முந்தைய கண்ணிகளில், சி1கியூவிலும் சி3-யிலும். அவற்றை உடம்பு முழுக்க வருஷக்கணக்கில் தடுத்தால் கிருமித் தொற்றும் வரலாம், லூபஸ் மாதிரி ஏதாவதும் தலைதூக்கலாம், அதுவும் எழுபது வயது உடம்பில். போதாததற்கு மருந்து ஆன்டிபாடியாக இருந்தால் ரத்தத்தில் போடுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் மூளைக்குள் நுழையும். கண்ணில் இந்தச் சிக்கல் குறைவு, நேராகக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுவிடலாம். அதனால்தான் சி3-ஐத் தடுக்கும் பெக்செட்டகோபிளான் என்ற மருந்து 2023-ல் அமெரிக்காவில் முதிர்ந்த வயதில் விழித்திரை தேய்ந்துபோகும் நோய்க்கு அனுமதி பெற்றுவிட்டது. தேய்வு பரவுவதை மெதுவாக்கும், போன பார்வையைத் திருப்பாது. விழித்திரை மூளையின் நீட்சிதான் என்பதால் மூளைக்காரர்கள் அந்தப் பக்கம் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அக்காவிடம் நான் சொன்னது மிகச் சாதாரணமானது. மறதி என்றதும் அல்சைமர் என்று முடிவு கட்டாமல் தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள், தூக்கத்துக்கோ வேறெதற்கோ சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டுங்கள், அப்பா போன பிறகு அம்மா மனசு எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்தால் மறதியும் சரியாகும். தேனும் பூண்டும் வீட்டில் இருந்தால் தாராளமாகச் சாப்பிடட்டும், அவற்றால் மூளையின் சி1கியூ ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை.

இன்னொன்று, லேப் ரிப்போர்ட் பற்றி. சி3, சி4 என்று ரத்தப் பரிசோதனை நம் ஊர் லேப்களிலும் எடுக்கிறார்கள். அது லூபஸ், சிலவகைச் சிறுநீரக நோய்களுக்காக எடுப்பது. நோய் தீவிரமாக இருக்கும்போது இந்த எண்கள் பெரும்பாலும் குறையும், காம்ப்ளிமென்ட் செலவாகிக்கொண்டிருப்பதால். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டதைத்தான் அது அளக்கிறது. மூளைக்குள் மைக்ரோக்ளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் தயாரிப்பதைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இருக்காது. ரிப்போர்ட்டில் சி4 நார்மல் என்று போட்டிருந்தால் அது மூளைக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை, குறைவு என்று போட்டிருந்தால் பார்க்க வேண்டியவர் நரம்பு டாக்டரும் இல்லை, முதலில் மூட்டு டாக்டரோ சிறுநீரக டாக்டரோதான்.